ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு முகம்

1990களின் கடைசியில் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படை அலை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க வேடிக்கையாக இருக்கும், நடந்தது அதுதான். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற ஊர் அது. வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. அதை இறக்கித் தமிழில் எழுதி, ஊர் மையத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருப்பவர் காதிலும் அது விழும். போவதா வேண்டாமா என்பது அவர் பாடு.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் அவை. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணம் தந்தது. வில்லியனூரில் தலைமை நிலையம், சுற்றுவட்டார ஊர்களில் கிளைகள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் என்பதால் போலீஸ் வாக்கிடாக்கி மாதிரியான கம்பியில்லாக் கருவிகளில் தகவல் போய் வந்தது. மின்சாரம் நின்றால் சூரியத் தகடு. ஊர்க்காரர்கள் இடம் கொடுக்க வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இந்த இரண்டும் நிபந்தனை. பல மையங்களை ஊர்ப் பெண்களே நடத்தினார்கள். 2001ல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. மக்கள் வந்து கேட்டதென்னவோ சாதாரண விஷயங்கள்தான்: நெல் என்ன விலை, மாட்டு டாக்டர் எப்போது வருவார், அரசுப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா.

இணையம் கிராமத்தை மாற்றிய கதை என்று இதை அந்தக் காலத்தில் நிறைய எழுதினார்கள். இணையம் இந்தக் கதையில் பாதிதான் என்பது என் கணக்கு. மற்ற பாதி, ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்த அந்த ஆள். அவர் இன்னார் வீட்டுப் பெண் என்று ஊருக்கே தெரியும். நேற்று சொன்னது பிசகினால் இன்று காலை குழாயடியிலேயே கேட்டுவிடுவார்கள், 'என்னடி, கடல் அமைதின்னு சொன்னே?' அப்படிக் கேட்க முடிந்ததால்தான் நம்பினார்கள். வளர்ச்சி, மண்ணின் அறிவு, இணையக் குற்றம் என்று தனித்தனியாகப் பேசப்படும் மூன்றையும் இந்தக் குழாயடிக் கேள்வியிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 காலை. அதே புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டார். அறிவு மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டு எல்லோரையும் மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். படகுகள் போயின. சுமார் 500 குடும்பங்கள் தப்பின. அரசின் எந்த எச்சரிக்கை ஏற்பாடும் அன்று அந்தக் கரையைத் தொடவில்லை. இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் செயல்பாட்டுக்கு வந்ததே 2007ல்தான். கடல் வந்து ஊரை அழிக்கப்போகிறது என்று திடீரென்று ஒருவன் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? பேசியது தெரிந்த குரல், அலறியது தெரிந்த ஒலிபெருக்கி. ஓடினார்கள்.

அதே நாளில், சுனாமி கிளம்பிய இடத்துக்கு மிக அருகில், கம்பியும் போனும் இல்லாமலே ஒரு தீவு தப்பியது. சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமியுலு. ஏறக்குறைய 78,000 பேர் வாழும் தீவில் இறந்தவர்கள் 7 பேர். 1907ல் அங்கே ஒரு பேரலை வந்து ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த அலைக்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது பாடிவந்தார்கள். சோழமண்டலக் கரையில் அப்படிப்பட்ட நினைவு இருக்கவில்லை. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. ஆழிப்பேரலை என்ற சொல்லே நம்மில் பலருக்கு அந்த வாரம்தான் வாய்க்கு வந்தது.

நம் கடலோரத்துக்கு அறிவு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் தினமும் பார்த்த கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நம் பாடநூலில் இல்லை. சென்னை ஊரூர்க் குப்பத்து மீனவர் பாளையம் தம் வாழ்நாள் முழுக்கக் கவனித்த காற்றுகளையும் நீரோட்டங்களையும் ஆய்வாளர்களோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீர் வன்னி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் தெண்டி. வெயில் காலத்தில் வன்னி, ஐப்பசி மழையோடு தெண்டி. கடலியலாளர்கள் கருவி வைத்து அளந்த கிழக்குக்கரை நீரோட்டமும் அப்படியேதான் பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. எந்த நீரில், எந்தக் காற்றில், எந்த மீன் எந்த ஆழத்துக்கு வரும் என்பதெல்லாம் இதன் மேல் கட்டிய கணக்கு.

இந்த அறிவில் ஒரு விசேஷம் உண்டு. இதற்கு முகவரி இருக்கிறது. கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்ற பெயர்களைக் கரை நெடுகக் கேட்கலாம். ஆனால் ஒரு பெயர் எந்தத் திசைக்காற்றைக் குறிக்கும், அது நல்லதா கெட்டதா என்பதெல்லாம் கரை திரும்பினால் மாறிவிடும். கிழக்குக் கரைக்கு நிலத்துப் பக்கமிருந்து வரும் காற்று, மேற்குக் கரைக்குக் கடலிலிருந்து வருகிறது. ஆக, 'சோழகம் அடிச்சா மீன் படும்' என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த ஊர் என்று தெரியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. அதை ஒரு நிமிட வீடியோவாக வெட்டி ஊர் பேர் இல்லாமல் போட்டால் பத்து லட்சம் பேர் பார்ப்பார்கள். ஒருவருக்கும் மீன் படாது.

செயற்கைக்கோள் அறிவும் இந்த அறிவும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் படம் பிடித்து மீன் கூடக்கூடிய இடங்களைச் சொல்கிறது. நீரின் நிறமும் குளிரும் பார்த்து மீனவர் செய்த கணக்கின் தூரத்து உறவுதான் அது. பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலையை நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மீனவர்களுக்கென்றே நடக்கும் சமூக வானொலி. காற்று, அலை, எச்சரிக்கை எல்லாம் அந்தத் தீவுக்காரர்கள் பேச்சிலேயே வருகிறது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் பேத்தி என்று அதைச் சொல்லலாம்.

இந்தக் குரல் போகாத இடமும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் நாள் கணக்கில் முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் செல்போன் செத்துவிடும். கரையில் எத்தனை செயலி இருந்து என்ன? பிற்பாடுதான் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளும், படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ட்ரான்ஸ்பாண்டர்களும் படகுகளுக்கு வரத் தொடங்கின.

மண்ணின் அறிவு கணினிக்குள் போகும்போது என்ன ஆகும் என்பதற்குக் கடலிலேயே ஒரு சின்ன உதாரணம். கடலடியில் பாறைத் திட்டுகள் இருக்கும், 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் தங்கும். கரையில் தெரியும் மலை உச்சி, கோயில் கோபுரம், தேவாலயச் சிலுவை என்று இரண்டிரண்டு குறிகளை நேர்கோட்டில் கொண்டுவந்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். அப்பன் மகனுக்குப் படகில் வைத்துக் காட்டுவது இது, வெளியே சொல்லமாட்டார்கள். ஜி.பி.எஸ். வந்தது. பார் என்பது இப்போது இரண்டு எண்கள். மகனுக்குப் பத்து வருடம் கூடவே கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதில்லை, நல்லதுதான். ஆனால் அந்த எண்களைப் படகில் ஏறிய கூலியாள் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடலாம்.

மஞ்சளுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 1995ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்து ஆராய்ச்சியாளர் இருவருக்கு, மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்காக அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுப் போட்டு 1997ல் அதை ரத்து செய்யவைத்தது. எப்படி? கோடிக்கணக்கான பாட்டிகள் முழங்கால் சிராய்ப்பில் மஞ்சள் அப்பியது சாட்சியாகச் செல்லவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் வழக்கத்தில் இருப்பது மட்டும் போதாது; அச்சில் இருக்க வேண்டும். பழைய சமஸ்கிருத, உருது, இந்தி ஏடுகளையும், 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியிருந்தது.

அந்தச் சூட்டில் 2001ல் தொடங்கியதுதான் மரபு அறிவு மின்னூலகம். ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து, காப்புரிமை அலுவலர் தேடினால் கிடைக்கும்படி வகைபிரித்து வைத்தார்கள். 2009ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு முதலில் திறந்தார்கள், வெளியே சொல்லக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. ஊருக்கெல்லாம் திறந்துவிட்டால் திருடனுக்கும் அதுவே நூலகம் ஆகிவிடும் என்ற பயம். 2022ல் மத்திய அமைச்சரவை அந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறக்க ஒப்புதல் தந்தது. ஏட்டில் உள்ளதற்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வாயில் மட்டும் உள்ளதற்கு இல்லை. 1987ல் அகத்தியமலைக் காட்டில் காணிக்காரப் பழங்குடி வழிகாட்டிகள் களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு பழத்தை மென்றதைப் பார்த்து, ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியபச்சை என்ற செடியை அறிந்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதாக 1990களில் ஏற்பாடாயிற்று. உலகெங்கும் பாராட்டினார்கள். பேர் பரவியதும் காட்டில் அந்தச் செடியையே பிடுங்க ஆள் வந்தது.

இவையாவது உரிமைத் தகராறு. உயிர் போகும் இடம் வேறு. மருத்துவச்சியின் அறிவு அவள் கையில் இருந்தது. எப்போது தன்னால் முடியாது, வண்டி கட்டு என்று சொல்வதும் அந்த அறிவில் சேர்ந்ததுதான். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு இளம் ஆசிரியை, யூடியூப் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று ரத்தப்போக்கில் இறந்தார். இயற்கை முறை, பாட்டி காலத்து முறை என்றெல்லாம் அப்போது பேச்சு அடிபட்டது. பாட்டி காலத்தில் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தாள் என்பதை யாரும் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தில் 12 பேர் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். ஊமத்தங்காய் கொரோனா கிருமி மாதிரி முள்முள்ளாக இருப்பதால் அதற்கு அது மருந்து என்று டிக்டாக்கில் ஒருவர் சொல்லியிருந்தார். ஊமத்தை விஷம் என்பதும் நம் மரபு அறிவுதான். வீடியோவில் ஏறியபோது அந்தப் பாதி உதிர்ந்துபோனது. சொன்னவரைப் போய்ப் பிடிக்கக் குழாயடியும் இல்லை.

இங்கிருந்து இணையத் திருட்டுக்கு ஒரே எட்டு.

என் சித்தப்பா விவசாயி. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வாட்ஸ்அப்புக்கு ஒரு கோப்பு வந்தது. பிஎம் கிசான் என்று பெயர், கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து, அதாவது தொட்டால் போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்பு. வருடம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் திட்டம். தவணை தள்ளிப்போயிருந்த நேரம். அனுப்பியது மருமகனின் எண். தொட்டார். போன் 'இது ஆபத்தாக இருக்கலாம்' என்று ஏதோ கேட்டது, சரி என்றார். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, அதற்கும் சரி. இரவுக்குள் கணக்கில் இருந்த பயிர்க்கடன் பணம் மூன்று தடவையாகப் போய்விட்டது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று நாங்கள் எல்லோரும் அவருக்குப் பாடம் எடுத்திருந்தோம். அவர் சொல்லவே இல்லை. உள்ளே உட்கார்ந்த செயலியே எடுத்துப் படித்துக்கொண்டது. பிறகு அவர் பெயரிலேயே அவருடைய எண்கள் அத்தனைக்கும் அதே கோப்பை அனுப்பியது. எனக்கும் வந்தது. மருமகனுக்கும் இப்படித்தான் யாரோ ஒரு பங்காளியிடமிருந்து வந்திருக்கிறது.

'மாப்பிள்ளை அனுப்பினதுதானேப்பா' என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தவர் சொன்னால் நம்பு என்பதுதான் ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாதுகாப்பு. நல்லவாட்டில் உயிர் காத்த அதே பழக்கம். திருடன் பூட்டை உடைக்கவில்லை, மாப்பிள்ளை முகத்தைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாக வந்தான்.

போன பணம் எங்கே போகிறது? முதலில் ஒரு 'மியூல்' கணக்குக்கு, அதாவது வாடகைக் கணக்குக்கு. மாதம் சில ஆயிரம் தருகிறோம், பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் கொடு என்று கல்லூரி மாணவர்களிடமும் கூலி வேலை செய்பவர்களிடமும் வாங்கிய கணக்குகள். அங்கிருந்து நாலைந்தாகப் பிரிந்து, இன்னும் பத்தாகப் பிரிந்து, கடைசியில் எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். சில நிமிட வேலை. கண் இமைப்பதற்குள் பணம் போய்ச்சேரும் யுபிஐ வசதி திருடனுக்கும் உண்டல்லவா. அதனால்தான் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடச் சொல்கிறார்கள். புகார் பதிவானதும் அடுத்தடுத்த வங்கிகளுக்குத் தகவல் ஓடி, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்கப்படும். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டவருக்கும் மறுநாள் கூப்பிட்டவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சித்தப்பா மறுநாள் மதியம் வங்கிக்குப் போனார். அங்கே காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். நிலையத்தில் இணையத்தில் பதியச் சொன்னார்கள். எண் 1930 என்று அவருக்குச் சொன்னது டீக்கடைக்காரர்.

நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் தந்த கணக்குப்படி இப்படிப்பட்ட மோசடிகளில் இந்தியர்கள் 2023ல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024ல் 22,845 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. வளர்ச்சித் திட்டங்கள் போன பாதையிலேயேதான் இதில் ஒரு பகுதி போகிறது. வங்கி இல்லாத ஊரில் முதியோர் பென்ஷன் எடுக்க ஆதார் கைரேகைப் பணப்பட்டுவாடா கொண்டுவந்தார்கள். தெலங்கானா, கர்நாடகம் போன்ற மாநிலங்களில் நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகையை எடுத்து சிலிக்கானில் வார்த்து, அதை வைத்தே பணம் எடுத்தார்கள். பத்திரத்தில் கைநாட்டு வைத்தவருக்கு அது உரிமைக்குச் சாட்சி. இணையதளத்தில் ஏற்றப்பட்டபோது அதுவே கள்ளச்சாவிக்கு அச்சு. அந்தக் கடலடிப் பாரின் எண்களைப் போலத்தான்.

படித்த நகரத்து ஆட்கள் மாட்டுவது 'டிஜிட்டல் கைது', அதாவது போலீஸ் என்று சொல்லி வீடியோவில் மிரட்டிப் பணம் பறிப்பது. அப்படி ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். காக்கிச் சட்டை, பின்னால் சி.பி.ஐ. சின்னம், வீடியோ அழைப்பை அணைக்கக்கூடாது என்ற உத்தரவு. ஓய்வுபெற்ற அதிகாரிகள்கூட நாள்கணக்கில் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைப்பின் அந்தப் பக்கம் இருப்பவன் சில நேரம் நம் ஊர்ப் பையனாகவே இருப்பான். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022ல் மீட்கப்பட்டு வந்தார்கள். ஏமாற்ற மறுத்தால் அடி, மின்சாரத் தண்டனை என்று சொன்னார்கள். அப்படி ஒரு வளாகத்துக்குள் உட்கார்ந்து பேசுபவனையும் நாம் திருடன் என்றுதான் திட்டிவிட்டுப் போனை வைக்கிறோம்.

யாருக்குப் போன் செய்தாலும் முதலில் இணைய மோசடி எச்சரிக்கை ஒலித்த மாதங்கள் நினைவிருக்கும். எரிச்சல் வந்ததே தவிர, சித்தப்பாவுக்கு உதவவில்லை. அது இன்னொரு முகமில்லாத குரல். எனக்குத் தோன்றுவது, மையங்களை நடத்திய அந்தப் பெண்களை நாம் பாதியில் விட்டுவிட்டோம். ஆளுக்கொரு போன் வந்ததும் நடுவில் ஒரு ஆள் எதற்கு என்று தோன்றிவிட்டது. சந்தேகம் தீர்க்கும் வேலையை மகளிர் குழுத் தலைவியிடமோ இ-சேவை மையத்திலோ சேர்த்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தால் என்ன? நடு ஆளும் ஏமாற்றுவான், தெரியும். கைரேகை வைக்கும்போது இரண்டு தடவை அழுத்தச் சொல்லி இரண்டு தொகை எடுத்த ஏஜெண்டுகள் உண்டு. ஊர்ப் பொது இடத்துக்குள் யார் வரலாம் என்பதில் சாதி புகுந்துகொள்ளும். அறிவு மையங்களுக்கு அந்த நிபந்தனையைச் சும்மா போடவில்லை. ஆனாலும் அந்த ஏஜெண்டைத் தேடிப்போக ஒரு கடை இருக்கிறது.

சித்தப்பாவுக்குப் பணத்தில் ஒரு துண்டு முடக்கப்பட்டுத் திரும்பி வந்தது, நாலு மாதம் கழித்து. இப்போது வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், பொங்கல் வாழ்த்துப் படம் உட்பட, மருமகனைக் கூப்பிட்டு 'நீதான் அனுப்பினியா, உன் வாயால சொல்லு' என்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கும் மனிதர் அவர். ஒவ்வொரு தடவையும் எழுந்து, 'நான்தான் மாமா' என்கிறார்.